ஹைப்ரிட் மோட்டார்: காகிதத்தில் 1230 நியூட்டன், லோட் செல்லில் 440. மீதி எங்கே போனது?

கேள்வி

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் ஒன்றரை வருடமாக ஒரு சிறிய ஹைப்ரிட் ராக்கெட் மோட்டார் (திட எரிபொருளும் திரவ ஆக்சிடைசரும் சேர்ந்தது) கட்டிக்கொண்டிருக்கிறோம். எரிபொருள் பாரஃபின் மெழுகு, அது எரிய ஆக்சிஜன் தரும் ஆக்சிடைசர் நைட்ரஸ் ஆக்சைடு. போன வாரம்தான் முதல் முழுச் சோதனை. ஒழுங்காகப் பற்றியது, எங்கும் கசியவில்லை. ஆனால் லோட் செல் (விசையை அளக்கும் கருவி) காட்டிய சராசரி உந்துவிசை, கணக்கில் வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நான்கு நாளாகக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், தப்பு பிடிபடவில்லை.

என் கணக்கு இது. இன்ஜெக்டர் தட்டில் (நைட்ரஸை எரியறைக்குள் விடும் துளைத்தட்டு) 1.5 மி.மீ. துளைகள் ஆறு, மொத்தப் பரப்பு 10.6 சதுர மி.மீ. தண்ணீர் விட்டுச் சோதித்ததில் வெளியேற்றக் கெழு (சூத்திரப்படி போக வேண்டியதில் உண்மையில் போகும் பங்கு) 0.65 வந்தது. 20 டிகிரியில் நைட்ரஸின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 50 பார், திரவத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 785 கிலோ. எரியறையில் 20 பார் என்று வைத்தால் வித்தியாசம் 30 பார். வழக்கமான வர்க்கமூலச் சூத்திரத்தில் போட்டால் வினாடிக்கு 0.473 கிலோ நைட்ரஸ்.

மெழுகு உருளையின் நீளம் 250 மி.மீ., வெளிவிட்டம் 65, நடுத்துளை 30. தேய்வு வேகம் என்பது பாயத்தை (நடுத்துளையின் குறுக்குப் பரப்பில் சதுர மீட்டருக்கு வினாடிக்கு எத்தனை கிலோ நைட்ரஸ் போகிறது என்பது) ‘என்’ என்ற அடுக்குக்கு உயர்த்தி, ‘ஏ’ என்ற மாறிலியால் பெருக்கியது; அதில் ‘ஏ’ 0.155, ‘என்’ 0.5 என்று எடுத்துக்கொண்டேன். வினாடிக்கு 4 மி.மீ. தேய்கிறது, அதாவது 85 கிராம் மெழுகு. இரண்டும் சேர்த்து 0.558 கிலோ. ஐ.எஸ்.பி. (எரியும் பொருளின் எடைக்கு எவ்வளவு உந்துதல் கிடைக்கிறது என்பதன் அளவு) 225 வினாடி என்று வைத்து 9.81 ஆல் பெருக்கினால் 1230 நியூட்டன். இதை நம்பித்தான் கிராஃபைட்டில் 24 மி.மீ. த்ரோட் (நாசிலின் குறுகிய கழுத்து) கடைந்தோம். நாசிலின் விரிவு விகிதம் (வாயின் பரப்பு த்ரோட்டின் பரப்பைப்போல எத்தனை மடங்கு என்பது) 3.4.

சோதனையில் வந்தது: 1.9 கிலோ நைட்ரஸ் ஏற்றினோம், டேங்க் 2.8 லிட்டர். 7.8 வினாடி எரிந்தது. உச்ச உந்துவிசை 790, சராசரி 440 நியூட்டன். எரியறை அழுத்தம் 14 பாரைத் தாண்டவே இல்லை. மெழுகு முன்பு 588 கிராம், பிறகு 216 கிராம்.

ராக்கெட் ஏவும்போது 14 கிலோ இருக்கும். ஏவுதண்டு 4 மீட்டர். 440 நியூட்டன்தான் என்றால் தண்டை விட்டு வெளியேறும்போது வேகம் வினாடிக்கு 13 மீட்டர். பக்கவாட்டில் கொஞ்சம் காற்று அடித்தாலே சாய்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இன்ஜெக்டரில் துளைகளை எட்டு ஆக்கிவிடலாமா?


பதில் 1

துளை போடும் யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்த 7.8 வினாடியும் ஒரே சத்தமாகவா இருந்தது? வீடியோ இருந்தால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். டேங்க் அழுத்தத்தையும் பதிவு செய்தீர்களா?


கேட்டவர்

கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 4.8 வினாடியில் சத்தம் மாறுகிறது. அதுவரை நெஞ்சில் அதிர்கிற மாதிரி ஒரு முழக்கம். அப்புறம் சட்டென்று சீறலாகிவிடுகிறது. அதே நொடியில் தீயும் வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிப் பின்னால் கரும்புகை வருகிறது. லோட் செல் வரைபடத்திலும் அதே இடத்தில் ஒரு முறிவு. அதற்கு முன்னால் 510 வரை மெதுவாக இறங்குகிறது, முறிவுக்குப் பிறகு 300-க்கு விழுந்து தேய்ந்து போகிறது. டேங்க் அழுத்தம் 50 பாரில் தொடங்கி, முறிவின்போது 38 பார்.


பதில் 1

அந்த 4.8 வினாடிதான் உங்கள் சோதனை தந்த மிக நல்ல அளவு. அதை வைத்தே மற்றதெல்லாம் பேசலாம்.

நைட்ரஸ் தன் ஆவியழுத்தத்தாலேயே தன்னைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. திரவம் இறங்க இறங்க, மேலே காலியாகும் இடத்தை நிரப்பக் கொஞ்சம் கொதித்து ஆவியாகும். கொதிப்பதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்ந்துபோகும், அழுத்தமும் இறங்கும். உங்கள் 50 பார் 38 ஆனது அப்படித்தான். திரவம் தீர்ந்த நொடியில் துளைகள் வழியே வெறும் ஆவி மட்டும் போகிறது. ஓட்டம் சரிந்துவிடும், ஆக்சிடைசர் குறைந்து மெழுகு மிஞ்சும், கரும்புகை வரும். நீங்கள் கேட்ட சீறல் அதுதான். ஆகவே 7.8 வினாடிக்கு எடுத்த சராசரி இரண்டு வேறு மோட்டார்களைக் கலந்து எடுத்த சராசரி. முறிவு வரை மட்டும் வரைபடத்தின் கீழுள்ள பரப்பைக் கூட்டி 4.8 ஆல் வகுத்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தால் 640 அருகே வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கிடைக்கிறது. முறிவின்போது டேங்கில் திரவம் இல்லை, 2.8 லிட்டரும் ஆவி. 38 பாரில் அந்த ஆவி 0.3 கிலோ இருக்கும். ஏற்றியது 1.9. அப்படியானால் திரவமாகப் போனது 1.6 கிலோ. 4.8 ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.33 கிலோ. தனியாக ஓட்டமானி எதுவும் வேண்டாம், உங்கள் காதே அளந்துவிட்டது. நான் எந்தச் சோதனை முடிந்தாலும் உந்துவிசையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த வகுத்தலைத்தான் போடுவேன்.

இப்போது உங்கள் 0.473 ஏன் 0.33 ஆனது என்று பார்ப்போம். தண்ணீர்ச் சோதனையில் கிடைத்த 0.65 சரியான எண்தான், ஆனால் அது தண்ணீருக்கு. தண்ணீர் துளைக்குள் தண்ணீராகவே நுழைந்து தண்ணீராகவே வெளியேறும். நைட்ரஸோ டேங்கிலேயே கொதிநிலையில் நிற்கிறது. துளைக்குள் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் உள்ளேயே கொதித்துக் குமிழியாகிவிடும். குமிழி இடத்தை அடைத்துக்கொள்ள, அதே துளையில் குறைந்த எடைதான் போக முடியும். கொதிக்கவே நேரமில்லை என்று கருதினால் உங்கள் சூத்திரம்: 0.47. துளைக்குள்ளேயே முழுச் சமநிலைக்கு வந்துவிடுகிறது என்று கருதினால், இதே துளைகளுக்கு, இதே கெழுவோடு, எனக்கு 0.19 வருகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில். ஸ்டான்ஃபோர்டில் டையரும் உடன் இருந்தவர்களும் 2007-இல் இந்த இரண்டையும் எடைபோட்டுக் கலக்க ஒரு வழி சொன்னார்கள். டேங்க் அழுத்தமும் ஆவியழுத்தமும் ஒன்றாக இருக்கும் உங்கள் மாதிரி அமைப்பில் அது நேர்பாதிக் கலவையாகிவிடும்: 0.47-ம் 0.19-ம் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.33. இவ்வளவு நெருக்கமாக எப்போதும் வராது. என் சோதனைகளில் 10, 15 சதவீதம் தள்ளித்தான் வந்திருக்கிறது. எரியறை அழுத்தம் நினைத்ததைவிடக் குறைந்ததால் ஓட்டம் கொஞ்சம் கூடியிருக்கும், டேங்க் குளிர்ந்ததாலும் வால்வின் இழப்பாலும் குறைந்திருக்கும். உங்களுக்கு இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டன.

மெழுகு பக்கம் உங்கள் கணக்கு நன்றாகவே இருக்கிறது. அடுக்கு ‘என்’ 0.5 ஆக இருந்தால் ஒரு அழகான விஷயம் நடக்கும். நடுத்துளை பெரிதாகப் பெரிதாகத் தேய்வு வேகம் குறையும், எரியும் பரப்பு கூடும், இரண்டும் ஒன்றையொன்று அப்படியே ஈடுகட்டிவிடும். ஆக்சிடைசர் ஓட்டம் மாறாதவரை மெழுகு ஓட்டமும் மாறாது. 0.33-க்கு உங்கள் ஏ-யைப் போட்டால் வினாடிக்கு 71 கிராம், 4.8 வினாடிக்கு 340. நீங்கள் இழந்தது 372. மிச்சம் 32 கிராம் அந்தச் சீறலில் போயிருக்கும். நான் திருப்தியாக ஏற்றுக்கொள்வேன்.

மொத்த ஓட்டம் இப்போது 0.40. அதாவது நினைத்ததில் 72 சதவீதம். 1230-ஐ அதனால் பெருக்கினால் 885.

அடுத்தது சி ஸ்டார், அதாவது எரியறையில் எரிதல் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதன் அளவு. உங்கள் 225 வினாடிக்குள் வினாடிக்கு 1600 மீட்டர் அளவுக்கு ஒரு சி ஸ்டார் ஒளிந்திருக்கிறது. அது ஓ.எஃப். விகிதம் (ஆக்சிடைசர் எடையை எரிபொருள் எடையால் வகுத்தது) 7, 8 பக்கம் இருக்கும்போது, முழுதாகக் கலந்து எரிந்தால் கிடைப்பது. உங்கள் விகிதம் 4.6. மெழுகு அதிகம். அதோடு, பாரஃபின் உருகி மெல்லிய திரவப் படலமாகி, வாயு ஓட்டம் அதிலிருந்து துளிகளைப் பிய்த்துக்கொண்டு போகும். சாதாரண ரப்பர் எரிபொருளைவிட இது மூன்று நான்கு மடங்கு வேகமாகத் தேய்வதற்குக் காரணமே அந்தத் துளிகள்தான். அவற்றில் சில எரிந்து முடியும் முன்பே நாசிலைத் தாண்டிவிடும். உங்கள் எரியறை அழுத்தம் சராசரி 12 பார் என்று எடுத்தால் அளவில் வரும் சி ஸ்டார் 1365. அதாவது 85 சதவீதம். முதல் மோட்டாருக்கு இது நல்ல எண். 885 இப்போது 750.

கடைசியில் நாசில். 3.4 விரிவு விகிதம் 20 பாருக்குப் பொருத்தமானது. 12 பாரில் வாயு அளவுக்கு மீறி விரிந்து, வாயில் 0.6 பாருக்கு இறங்கிவிடுகிறது. வெளிக்காற்று எதிர்த்துத் தள்ளும். உந்துவிசைக் கெழு (உந்துவிசையை எரியறை அழுத்தம், த்ரோட் பரப்பு இரண்டின் பெருக்கலால் வகுத்தது) 1.40-இலிருந்து 1.28 ஆகும். 750 இப்போது 690.

690-க்கும் 640-க்கும் நடுவில் இருக்கும் 50 நியூட்டனுக்கு என்னிடம் பதில் இல்லை. நாசில் உராய்வில் 20 போகலாம். மற்றது உங்கள் சோதனை மேடையில் இருக்கலாம்.

சரி, எட்டுத் துளை. என் மூன்றாவது மோட்டாரில் நான் செய்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஓட்டம் போதவில்லை என்று துளைகளைக் கூட்டினேன். எரியறை அழுத்தம் ஏறியது. ஆனால் டேங்க் அழுத்தம் வழக்கம்போல இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது வினாடியில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுருங்கி, வரைபடம் ரம்பப்பல் போலத் துடிக்க ஆரம்பித்தது. வால்வை மூடி நிறுத்திவிட்டோம். மறுநாள் கழற்றிப் பார்த்தபோது இன்ஜெக்டர் தட்டின் டேங்க் பக்கத்தில், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு சிறிய கரி வளையம். சூடான வாயு எதிர்த்திசையில் வந்திருக்கிறது. நைட்ரஸ் தானாகவே சிதைந்து வெப்பத்தை வெளிவிடும் பொருள். அது டேங்குக்குள் தொடங்கியிருந்தால் அந்த மேடையே மிஞ்சியிருக்காது. அந்தத் தட்டை இன்றும் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு இப்போது இடைவெளி தாராளமாக இருக்கிறது, முறிவின்போதுகூட 38 பாருக்கும் எரியறைக்கும் நடுவே நிறைய தூரம். எட்டுத் துளையில் ஓட்டம் 0.44 ஆகும், அழுத்தமும் தாங்கும். சிக்கல் நடுத்துளையில்தான். 30 மி.மீ. துளையில் 0.44 கிலோ என்றால் பாயம் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 620 கிலோ. பற்றும் நேரத்தில் அவ்வளவு வேகமாக அடித்தால் தீச்சுடர் ஊதி அணைந்துபோகலாம். நான் 500-ஐத் தாண்ட மாட்டேன்.


பதில் 2

சுருக்கமாக ஒன்று. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: ஏ-யின் மதிப்பை எங்கிருந்து எடுத்தாலும் அதன் அலகைப் பாருங்கள். சில கட்டுரைகளில் பாயம் சதுர மீட்டருக்குக் கிலோவில், சிலவற்றில் சதுர செ.மீ.க்கு கிராமில். முன்னது பின்னதைவிடப் பத்து மடங்கு பெரிய எண். ‘என்’ 0.5 என்றால் ‘ஏ’ 3.16 மடங்கு மாறிவிடும். ‘என்’ 0.62 என்றால் நான்கு மடங்குக்கு மேல். நான் இதில் தவறி, கணக்குப்படி ஒரு வினாடியில் உறையைத் தொட்டிருக்க வேண்டிய மெழுகை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் குழம்பியிருக்கிறேன். கேட்டவர் சரியான அலகில்தான் போட்டிருக்கிறார். எரித்த மெழுகின் எடையே அதைச் சொல்கிறது.


பதில் 3

அந்த 50 நியூட்டனைப் பற்றி. நைட்ரஸ் டேங்க் மேடையோடு சேர்ந்து நகர்கிறதா, அல்லது தனியாகத் தரையில் நின்று வளைகுழாய் வழியாக மோட்டாருக்கு வருகிறதா?

தரையில் நின்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள். எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட குழாய், அழுத்தம் இல்லாதபோது கையால் வளைக்கும்படி இருக்கும். 50 பார் ஏறியதும் கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும். மோட்டார் தள்ளும் விசையில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும், மீதிதான் லோட் செல்லுக்குப் போகும். லோட் செல்லைத் தனியாகக் கழற்றி மேசையில் வைத்து எடைபோட்டுச் சரிபார்த்திருந்தால் இது தெரியவே தெரியாது.

மேடையை முழுதாகக் கட்டி, குழாயையும் இணைத்து, நைட்ரஸுக்குப் பதிலாக நைட்ரஜனால் அதே அழுத்தம் ஏற்றுங்கள். மோட்டார் பக்க வால்வு மூடியே இருக்கட்டும். நாசில் பக்கத்திலிருந்து ஒரு கயிறு, கப்பி வழியாகத் தூரமாகக் கொண்டுபோய், அதன் நுனியில் எடைகளைத் தொங்கவிடுங்கள். அழுத்தம் இருக்கும்போது யாரும் மேடை அருகே போகக் கூடாது. எடையை ஏற்றி இறக்கி இரண்டு வழியிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண் வந்தால் தண்டவாளத்தில் உராய்வு.


கேட்டவர்

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முழுக்க இதே வேலைதான்.

முறிவு வரை கூட்டியதில் 3070 நியூட்டன் வினாடி வந்தது. 4.8 ஆல் வகுத்தால் 640. பதில் 1 சொன்ன எண்ணைப் பார்த்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

குழாய் விஷயமும் அப்படியே. எங்கள் டேங்க் தரையில்தான் நிற்கிறது. அழுத்தம் இல்லாமல் 40 கிலோ தொங்கவிட்டபோது 39.8 காட்டியது. நைட்ரஜன் 50 பார் ஏற்றியபின் அதே 40 கிலோவுக்கு 38. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்தான், எனவே உராய்வு இல்லை, குழாய்தான் தாங்குகிறது. 640-ஐ 0.95 ஆல் வகுத்தால் 674 நியூட்டன். உந்துவிசைக் கெழு 1.24. 1.28-இல் மூன்று சதவீதம் நாசில் இழப்பு என்று கொண்டால் பொருந்திவிடுகிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. த்ரோட்டை 24-இலிருந்து 20 மி.மீ. ஆக்கி எரியறை அழுத்தத்தை ஏற்றினால் இழந்த உந்துவிசை திரும்ப வருமா?


பதில் 1

கொஞ்சம் வரும். அதே 0.40 கிலோ ஓட்டத்துக்கு அழுத்தம் 17 பார் ஆகும், உந்துவிசை 725 பக்கம் போகும். 50 நியூட்டன் லாபம். நாசிலின் விரிவு விகிதத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், உறை 17 பாரைப் போதிய இடைவெளியோடு தாங்குமா என்று தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். எனக்கு அது இரண்டாவது வேலை. முதலில் மெழுகை 250-இலிருந்து 190 மி.மீ.க்குக் குறைத்து, விட்ட 60 மி.மீ.-ஐ மெழுகுக்கும் நாசிலுக்கும் நடுவே வெற்றறையாக வையுங்கள். ஓ.எஃப். விகிதம் 6 ஆகும், துளிகள் எரிந்து முடிய இடமும் கிடைக்கும். மெழுகு ஓட்டம் குறைவதை சி ஸ்டார் ஓரளவு ஈடுகட்டும், டேங்கில் அதே நைட்ரஸுக்கு அதிகப் பயன்.

ஆனால் உங்கள் கேள்வியின் வேர் ஏவுதண்டு. அதற்கு 674 தேவையில்லை, 440-ம் தேவையில்லை. முதல் அரை வினாடியின் உந்துவிசை தேவை. உங்கள் உச்சம் 790, குழாய்த் திருத்தத்தோடு 830. 14 கிலோவுக்கு, 4 மீட்டர் தண்டில், வெளியேறும் வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்கு ஒட்டி வருகிறது. உந்துவிசை ஏறி நிலைக்கும் நேரத்தைக் கழித்தாலும் 18-க்குக் குறையாது. இப்போதிருக்கும் ஆறு துளையோடே இந்த ராக்கெட் நேராகக் கிளம்பும். பறப்புக் கணக்கு போடும்போது ஒற்றைச் சராசரியைக் கொடுக்காமல் வரைபடத்தையே புள்ளி புள்ளியாகக் கொடுங்கள், சீறல் பகுதியையும் சேர்த்து.

வெப்பநிலையை மறக்காதீர்கள். 10 டிகிரியில் நைட்ரஸின் அழுத்தம் 40 பார்தான். அதே மோட்டார், அதே துளை, ஆனால் வேறு உந்துவிசை. பற்றவைக்கும் நொடியில் டேங்க் சுவர் என்ன காட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.


கேட்டவர்

190 மி.மீ. அச்சு தயார். ஞாயிற்றுக்கிழமை மெழுகு வார்க்கிறோம், சுருங்கி நடுவில் குழி விழாமல் இருக்க இந்த முறை மூன்று தடவையாக ஊற்றப்போகிறோம். டேங்கையும் மோட்டாரோடு ஒரே வண்டியில் ஏற்றிவிட்டோம், இனி குழாய் எதையும் தாங்காது. கணக்கின்படி 0.33 கிலோ நைட்ரஸ், 54 கிராம் மெழுகு. வரைபடம் கையில் வந்ததும் முறிவு எந்த வினாடியில் என்பதை முதலில் எழுதுகிறேன்.